டிப்ளமேட்டிக் பாஸ்போர்ட் இருந்தால் யாரும் தொட முடியாதா?

வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பும் ராணுவ அதிகாரிகளுக்கான சட்ட வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி இது. ராணுவச் சட்டப் பிரிவிலும் பிறகு தூதரகப் பணியிலும் குப்பை கொட்டியிருப்பதால், இரண்டு பக்கமும் தெரிந்தவர் சொல்லட்டும் என்று அதை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். நான் வழக்கமாகச் சொல்வது: பாஸ்போர்ட்டின் நிறத்தை விடுங்கள், எந்தப் பட்டியலில் உங்கள் பெயர் போயிருக்கிறது என்று கேளுங்கள்.

தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தரும் பாதுகாப்பு, ஒரு தூதரகத்தில் இன்ன பதவியில் இருக்கிறார் என்று அந்த நாட்டுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டவருக்கு உரியது. அதே பாஸ்போர்ட்டோடு வேறொரு நாட்டுக்கு ஊர் சுற்றப் போனால் அங்கே நீங்கள் சுற்றுலாப் பயணிதான். தூதரகத்துக்குள்ளேயும் எல்லோரும் சமம் இல்லை. ராணுவ அட்டாஷே, அதாவது தூதரகத்தில் ராணுவ விவகாரங்களைக் கவனிப்பவர், தூதரக அதிகாரி என்பதால் அவரைக் கைது செய்யவோ குற்ற வழக்கு நடத்தவோ முடியாது. ஓட்டுநர், சமையல்காரர் போன்ற சேவைப் பணியாளர்களுக்கு, வேலை தொடர்பாகச் செய்த செயல்களுக்கு மட்டுமே பாதுகாப்பு. கூட்டுப் பயிற்சிக்காக வந்திறங்கும் படைவீரரின் கதையே வேறு. அவரை யார் விசாரிக்கலாம் என்பதை, படைகளின் சட்டநிலை பற்றி இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் தீர்மானிக்கும்.

இன்னொன்று, விலக்குரிமை எனப்படும் இந்தப் பாதுகாப்பு அனுப்பிய நாட்டின் சொத்து. "எனக்கு வேண்டாம், நானே கோர்ட்டுக்குப் போகிறேன்" என்று அதிகாரி சொன்னாலும் செல்லாது. விட்டுக்கொடுக்காதீர்கள் என்று அவர் கெஞ்சினாலும் அவருடைய அரசு அதை விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுக்காவிட்டாலும் சொந்த நாட்டுச் சட்டத்திலிருந்து தப்பிக்க வழியில்லை. சீருடை அணிந்தவர் என்றால் ஊர் திரும்பியதும் ராணுவ நீதிமன்றம் காத்திருக்கலாம்.

ராணுவச் சட்டமும் தூதரக வேலையும் நேருக்கு நேர் முட்டிக்கொள்வது எப்படி என்று காட்ட, 1957ஆம் ஆண்டின் ஜிரார்ட் வழக்கை எடுத்துக்கொள்வேன். ஜப்பானில் அமெரிக்கப் படை பயிற்சி செய்த ஒரு துப்பாக்கிச் சுடுதளம். சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி உலோகமாக விற்கப் பக்கத்துக் கிராம மக்கள் வருவார்கள். இயந்திரத் துப்பாக்கிக்குக் காவலாக நின்ற வீரர் வில்லியம் ஜிரார்ட், கையெறிகுண்டு ஏவும் கருவியில் ஒரு காலிக் கூட்டைப் போட்டுச் சுட்டார். அது முதுகில் பட்டு, பொறுக்க வந்த ஒரு பெண் இறந்துபோனார்.

அங்கே இருந்த ஒப்பந்தப்படி, கடமையைச் செய்யும்போது நேர்ந்த குற்றம் என்றால் விசாரிக்கும் முதல் உரிமை அமெரிக்காவுக்கு. இல்லையென்றால் ஜப்பானுக்கு. கடமையில்தான் இருந்தார் என்று அவருடைய தளபதி சான்றிதழ் கொடுத்தார். ஜப்பான் ஏற்கவில்லை. காவலுக்கு நின்றார், சரி. காலிக் கூட்டை ஆள்மேல் சுடுவது எந்தக் காவல் கடமையில் வருகிறது? பணி நேரத்தில் செய்தது வேறு, பணிக்காகச் செய்தது வேறு. பேச்சுவார்த்தையின் முடிவில், தன் நிலைப்பாட்டை விடாமலேயே, அவரை ஒப்படைக்க அமெரிக்க அரசு ஒத்துக்கொண்டது. ஜிரார்ட் தரப்பு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயும் ஒப்படைப்பைத் தடுக்க முடியவில்லை. ஜப்பானிய நீதிமன்றம் கொடுத்தது நிறுத்திவைக்கப்பட்ட, அதாவது உடனே சிறைக்குப் போக வேண்டாத, 3 ஆண்டு சிறைத்தண்டனை. தண்டனை போதுமா என்று இன்றைக்கும் வாதிடலாம். என் கண்ணில் படுவது அந்தச் சான்றிதழ்தான். ராணுவ வழக்கறிஞர் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கம், மறுநாள் வெளியுறவு அமைச்சரின் மேசையில் தலைவலியாகி நிற்கும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு 2019ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்வேன். குரோட்டன் விமானப்படைத் தளத்தில் பணியாற்றிய அமெரிக்க ஊழியர் ஒருவரின் மனைவி சாலையின் தவறான பக்கத்தில் கார் ஓட்டி வந்து மோதியதில், 19 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்தத் தளத்துக்கென்று 1995இல் ஓர் ஏற்பாடு இருந்தது. பணிக்கு வெளியே செய்யும் குற்றங்களுக்கு ஊழியர்களின் விலக்குரிமை அதில் விட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. குடும்பத்தாரின் விலக்குரிமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதாவது கணவர் ஓட்டியிருந்தால் வழக்கு போடலாம், மனைவி ஓட்டியதால் முடியாது! அவர் நாடு திரும்பிவிட்டார். இரு அரசுகளும் அந்த ஓட்டையை அடைத்தது 2020இல். குற்றத்தை 2022இல் ஒப்புக்கொண்ட அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட 8 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒப்பந்த வரைவைப் படிக்கும்போது எழுதியிருப்பதை எல்லோரும் படிப்பார்கள். எழுதாமல் விட்டதைத் தேடத்தான் நமக்குச் சம்பளம்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளம் வழக்கறிஞர்கள் முதலில் திணறுவது வேகத்தில். தளபதிக்குச் சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்: செய்யலாமா, கூடாதா? வெளியுறவுத் துறையிலோ ஒரு குறிப்பின் ஒற்றைச் சொல்லுக்கு வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். முன்னதில் இழுத்தடித்தால் ஆபத்து, பின்னதில் அவசரப்பட்டால் ஆபத்து.

எந்த விலக்குரிமையும் இல்லாதவருக்கும் ஒரு உரிமை உண்டு. துணைத் தூதரக உறவுகள் பற்றிய, 1963ஆம் ஆண்டின் இன்னொரு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் கைதானவர் தன் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளலாம். உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர் குல்பூஷன் ஜாதவுக்கு 2017இல் பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது, சர்வதேச நீதிமன்றத்தில் இந்தியா பிடித்துக்கொண்டது இந்தப் பிரிவைத்தான். உளவுக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இது பொருந்தாது என்ற பாகிஸ்தானின் வாதத்தை நீதிமன்றம் 2019 ஜூலையில் தள்ளுபடி செய்தது. விடுதலை செய்யச் சொல்லவில்லை; தீர்ப்பை முறையாக மறுபரிசீலனை செய்யச் சொன்னது.

நடைமுறையில் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த உரிமை இருக்கிறது என்று உங்களிடம் சொல்வது கைது செய்தவர்களின் கடமை. ஆனால் தூதரகத்துக்குத் தகவல் போக நீங்கள் கேட்க வேண்டும். சாலை விபத்தோ கைகலப்போ, புரியாத மொழியில் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் "என் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.