பூவார் பொழி: மணல்திட்டு அடைவதும் உடைவதும்

களியக்காவிளை தாண்டிக் கேரளத்தின் பூவாருக்குப் போய் இரண்டு நாள் தங்குகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். மிதக்கும் குடிலின் வாசலில் காயல் அசையாமல் கிடக்கும். படகேறி அக்கரை மணலில் இறங்கினால் அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருக்கும். நடுவில் இருப்பது நடந்தே கடந்துவிடக்கூடிய ஒரு மணல்திட்டு. விடுதிகள் விற்கும் அமைதியெல்லாம் இந்த மணலின் தயவு. ஆனால் அது நிலையான தரை அல்ல. சில மாதம் இருக்கும், ஒரே நாளில் உடைந்தும் போகும்.

அகத்தியமலையில் பிறந்து 56 கி.மீ. ஓடிவரும் நெய்யாறு கடலில் சேரும் பொழி, அதாவது ஆற்றின் முகத்துவாரம், இது. குமரி மாவட்டத்தில் பழையாறு விழும் மணக்குடியிலும் இதே கதைதான். இந்தக் கடற்கரையில் ஓதம், அதாவது அன்றாடம் ஏறி இறங்கும் கடல் மட்டம், ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. குஜராத்தின் காம்பே வளைகுடாவைப் போல 10 மீட்டர் ஏறி இறங்கும் இடமென்றால், உள்ளே புகுந்து வெளியேறும் கடல்நீரே முகத்துவாரத்தைத் தூர்வாரிவிடும். இங்கே அந்த வேலையை ஆறுதான் செய்தாக வேண்டும். மழை நின்று ஆற்றில் வரத்து குறைந்துவிட்டால் அலையின் கை ஓங்கிவிடும்.

கோடை அலை தாழ்வானது, நிதானமானது. மணலைச் சுமந்து மேலே ஏறும். திரும்புவதற்குள் அதன் நீரில் ஒரு பங்கு காய்ந்த மணலுக்குள் இறங்கிவிடும். மெலிந்து திரும்பும் நீரால் கொண்டுவந்ததையெல்லாம் இழுத்துப் போக முடியாது. இப்படி அலைக்கு அலை மிச்சப்படும் மணல்தான் திட்டாக உயர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் 2, 3 மீட்டர் உயர அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மணல் ஏற்கெனவே நனைந்து ஊறியிருப்பதால் நீர் உள்ளே இறங்காது. முழு வேகத்தில் திரும்பி மணலை அரித்துக்கொண்டு போகும். மே மாதம் பார்த்த கடற்கரை ஜூலையில் பாதியாகக் குறைந்திருப்பது இதனால்தான்.

ஜூனில் மழை பிடித்ததும் அடைபட்ட காயல் ஏறும். குடில்கள் மிதப்பதால் அவை கூடவே ஏறிக்கொள்ளும். கரையோரத் தென்னந்தோப்புக்கும் வீடுகளுக்கும் அந்த வசதி இல்லை. அதனால் திட்டு தானாக உடையும்வரை காத்திராமல் பொழியை வெட்டிவிடுவார்கள். இதில் நேரம்தான் முக்கியம். கடல் பக்கத்திலிருந்து சால் தோண்டி வந்து, காயல் பக்கம் ஒரு வரம்பை விட்டுவைக்க வேண்டும். ஓதம் உச்சிக்கு ஏறி வற்றத் தொடங்கும்போது வரம்பை உடைத்தால், அடுத்த ஆறு மணி நேரமும் கடல் மட்டம் இறங்கிக்கொண்டே போகும், நீரின் வேகம் கூடும். காயல் கடலைவிட அரை மீட்டர் உயர்ந்து நின்றால், உராய்வைக் கழிக்காத கணக்கில் வேகம் நொடிக்கு 3 மீட்டர். மணல் நகர அரை மீட்டர் வேகமே போதும். ஓர் ஆள் அகலச் சால் சில மணி நேரத்தில் படகு போகும் வாய்க்காலாகிவிடும். ஓதம் ஏறும்போது வெட்டினாலோ காயலில் போதிய நீர் இல்லாமல் வெட்டினாலோ, அலை அன்றைக்கே மணலைத் தள்ளி அடைத்துவிடும், கூலிதான் தண்டம். அவசரப்பட்டு முன்கூட்டியே திறந்தால் உப்புநீர் உள்ளே ஏறிக் கிணறுகளைக் கெடுக்கும்.

வெட்டுவதை வேடிக்கை பார்ப்பவர்கள் விளிம்பில் நிற்கக் கூடாது. நீர் அடியில் குடைவதால் மேலே உறுதியாகத் தெரியும் மணல் பாளம் பாளமாகச் சரியும்.

பொழி நீண்ட நாள் மூடிக் கிடந்தால் காயலில் அழுகிய முட்டை வாடை வருவதுண்டு. கடல்நீர் கனமானது என்பதால் அடியில் தங்கிவிடுகிறது, நன்னீர் மேலே மிதக்கிறது. இரண்டும் கலக்காததால் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. அது கலங்கி மேலே வரும் நாளில் மீன் செத்து மிதக்கும். விடுதிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

திறந்த பொழிமுகம் படகுக்கும் ஆபத்து. வெளியே பாயும் நீரோட்டம் எதிரே வரும் அலையை நெருக்கிக் குறுக்குகிறது. குறுகிய அலை செங்குத்தாக உயர்ந்து உடைகிறது. வற்றம் வேகமாக இருக்கும் நேரத்தில் படகோட்டி வாய்ப்பக்கம் போக மறுத்தால் கூடுதல் காசு காட்டி வற்புறுத்தாதீர்கள்.

பூவார் கடல் குளிக்கிற கடலும் அல்ல. கரை செங்குத்தாக இறங்குவதால் அலை காலடியிலேயே உடையும். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வேறு. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை அது. 18 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் நகரும், 5,000 கி.மீ. கடக்க நாலைந்து நாள். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டக் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. ஐதராபாத்தின் இன்காய்ஸ் (INCOIS) என்னும் கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. புறப்படும் முன் பார்த்துவிடுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், இடையில் சில நிமிடம் கடல் அடங்கினாற்போல் கிடக்கும். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் இறங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஈர மணல் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு நன்றாக மேலே தள்ளிப் பாயை விரியுங்கள்.