‘தண்ணீர் நல்லாயிருக்கு’ என்று வந்த ரிப்போர்ட்

வடசென்னையில் ஒரு தெருவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். “சார், போர் தண்ணியில பெட்ரோல் வாடை தாங்கல, ஆனா லேப்ல தண்ணி நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.” போனால் வாசலிலேயே வாடை. ஒருவர் சம்ப் மூடியைத் திறந்து, “கொளுத்திப் பார்த்தா தெரிஞ்சிடும் சார்” என்று தீப்பெட்டியை எடுக்கிறார்! முதல் வேலையாக அதைப் பிடுங்கினேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், சம்ப்புக்குள் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

சரி, மூக்குக்குத் தெரிந்தது லேபுக்கு ஏன் தெரியவில்லை? மாடித் தொட்டிக்கு ஏறி இறங்கிய தண்ணீரைச் சமையலறைக் குழாயில், ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து, மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து, அப்புறம் பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள். பெட்ரோலில் இருக்கும் நச்சுப்பொருளான பென்சீன் சட்டென ஆவியாகிவிடும், இத்தனை அலைச்சலில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அதைவிடக் கொடுமை, கேட்டதே சாதாரண குடிநீர்ப் பரிசோதனை. உப்பு, கடினத்தன்மை, இரும்பு எல்லாம் பார்த்திருக்கிறார்கள், பென்சீனைப் பார்க்கவே இல்லை. லேபில் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்று நான்கையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாங்கள் எடுப்பது 40 மில்லி கண்ணாடிக் குப்பியில். விளிம்புக்கு மேல் தண்ணீர் லேசாகப் புடைத்து நிற்கும்வரை மெல்ல நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்போம். சின்னதாக ஒரு காற்றுக்குமிழி ஓடினாலும் பென்சீன் அதற்குள் ஆவியாகிவிடும், அந்தக் குப்பி கணக்கில் இல்லை. நேராக ஐஸ் பெட்டி, அங்கிருந்து லேப்.

இன்னொரு சங்கதி. பெட்ரோல் மிதக்கும். நீர்மட்டம் 20 அடியில் இருக்க மோட்டார் 100 அடியில் தொங்கினால், அது இழுப்பது அடித் தண்ணீரை, மேலே மிதக்கும் படலம் கண்ணிலேயே படாது. அதனால்தான் நீர்மட்டத்தை ஒட்டித் துளைகள் வருகிற மாதிரி குழாய் இறக்கித் தனியாகக் கண்காணிப்புக் கிணறு போடுகிறோம். மழையில் நீர்மட்டம் ஏறினால் படலம் மண் இடுக்குகளில் மாட்டிக்கொண்டு காணாமல் போன மாதிரி இருக்கும், கோடையில் திரும்பத் தலைகாட்டும். ‘மழையில கழுவிக்கிட்டுப் போயிடுச்சு’ என்று மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சூண்டு கசிவுதானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் கிட்டத்தட்ட 9 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். தண்டையார்பேட்டையில் 2013இல் பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர்களில் பெட்ரோலே வந்தது அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது.

“காய்ச்சிக் குடிக்கலாமா?” என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டாம்மா. காய்ச்சினால் அடுப்படி முழுக்க அந்த ஆவிதான், அதை மூச்சில் இழுப்பீர்கள். வெந்நீர்க் குளியலும் அதே கதை.

எல்லோரும் கைகாட்டியது தெருமுனை பெட்ரோல் பங்கை. எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் மூன்று கிணறுகளில் ஒரே நாளில் நீர்மட்டம் அளந்து தரைமட்டத்தோடு கழித்துப் பார்த்தால், நிலத்தடி நீர் ஓடுவது பங்கை நோக்கி, அங்கிருந்து இந்தப் பக்கம் இல்லை. தண்ணீர் ஓடி வருகிற எதிர்ப்பக்கம் விசாரித்தபோதுதான் ஒரு பெரியவர் சொன்னார், இப்போது மரக்கடை இருக்கிற இடத்தில் முன்பு ஒரு பங்க் இருந்ததாம். தொட்டியைத் தோண்டி எடுத்தார்களா என்று கேட்டேன். “மூடிட்டுப் போயிட்டாங்க தம்பி, அவ்வளவுதான்.”