கம்ப்ரெஸ்: அழுத்தமா, சுருக்கமா?

"படத்தை கம்ப்ரெஸ் பண்ணிப் போடுங்க, பக்கம் சீக்கிரம் திறக்கும்." இணையதளம் நடத்துகிறவர்கள் ஒரு முறையாவது கேட்டிருக்கக்கூடிய பேச்சு இது. கோப்பு பிடிக்கும் இடத்தைக் குறை என்ற பொருள் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் விளங்கிவிடுகிறது. அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் கை தயங்குகிறது. அழுத்தம், அமுக்கம், இறுக்கம், சுருக்கம் என்று நான்கு சொற்கள் முன்னே வந்து நிற்கின்றன. என் தேர்வு சுருக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் வேரைப் பார்ப்போம். 'கம்ப்ரெஸ்' லத்தீன் வழியில் வந்த சொல். முன்னால் இருக்கும் 'கம்' என்பதற்குச் 'சேர்த்து' என்று பொருள். பின்னால் இருப்பது 'ப்ரெமெரே', அதாவது அழுத்துதல். பிரஸ், பிரஷர், பிரிண்ட் எல்லாம் இதே வேரில் கிளைத்தவை. பஞ்சை மூட்டைக்குள் திணிப்பதும் காற்றை உருளைக்குள் அடைப்பதும் இந்தச் செயல்தான். பஞ்சு அதே பஞ்சு, காற்று அதே காற்று. பிடிக்கிற இடம் மட்டும் குறைகிறது. இயற்பியலில் இதை அமுக்கம் என்று சொல்வது பொருத்தமே.

படக்கோப்பில் அப்படி அமுக்குவதற்கு எதுவும் இல்லை. அதில் இருப்பவை எண்கள். 1920 புள்ளி (பிக்சல்) அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் (கணினியில் ஒரு சின்ன எண்ணை வைக்கும் இடம்) வீதம் எழுதினால் மொத்தம் 62,20,800 பைட், அதாவது 6 மெகாபைட்டுக்கும் மேல். இந்த எண்களை எவ்வளவு அழுத்தினாலும் அவை நெருங்கி உட்காரப் போவதில்லை. வேறு விதமாகத் திருப்பி எழுதத்தான் முடியும். வானம் முழுக்க ஒரே நீலம் என்றால், 'நீலம், நீலம், நீலம்' என்று ஆயிரம் முறை எழுதாமல் 'நீலம், ஆயிரம் முறை' என்று எழுதிவிடலாம். அதே செய்தி, குறைந்த சொற்களில். தமிழில் இதற்குப் பெயர் சுருக்கம்.

சுருங்கு என்பது தன்வினை, சுருக்கு என்பது பிறவினை. படம் சுருங்குகிறது, நாம் சுருக்குகிறோம். இந்தச் சொல்லுக்கு எழுத்துலகில் பழைய உறவு உண்டு. நூலுக்குரிய பத்து அழகுகளை அடுக்கும் நன்னூல், 'சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல்' என்றே தொடங்குகிறது. அதே நூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'குன்றக் கூறல்', 'மிகைபடக் கூறல்', 'கூறியது கூறல்' மூன்றும் முதலில் வருகின்றன. படத்தைச் சுருக்கும் தொழில்நுட்பத்தை விளக்க இதைவிட நல்ல சொற்கள் எனக்குக் கிடைக்கவில்லை.

பிஎன்ஜி (PNG) என்ற வகைப் படக்கோப்பு செய்வது கூறியது கூறலை நீக்கும் வேலை. முன்பு வந்த எண்தொடர் மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், 'இத்தனை இடம் பின்னால் போய், இவ்வளவு எடுத்துக்கொள்' என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கிறது. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அரிதாக வருவதற்கு நீளமான குறி. விரித்துப் பார்த்தால் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. ஆகவே இது இழப்பில்லாச் சுருக்கம். சின்னங்கள், வரைபடங்கள், எழுத்து நிறைந்த திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) இதற்கு ஏற்றவை.

புகைப்படங்களுக்குப் பழகிப்போன ஜேபெக்கின் (JPEG) வழி வேறு. அது மிகைபடக் கூறலைத் தேடி வெட்டுகிறது. மிகை எது என்பதை மனிதக் கண்ணே தீர்மானிக்கிறது. வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாகப் பிரித்தறியும் நம் கண், நிற வேறுபாட்டை அந்த அளவுக்குப் பிரித்தறிவதில்லை. அதனால் நிறத் தகவலைக் குறைத்து வைத்தாலும் பெரும்பாலும் தெரியாது. பிறகு படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மென்மையான ஏற்ற இறக்கம், நுணுக்கமான ஏற்ற இறக்கம் என்று பகுத்து, நுணுக்கமானவற்றைத் தோராயமாக்கிவிடுகிறது. இப்படிப் பகுக்கும் கணிதத்தை நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் 1974-இல் வெளியிட்டார்கள். 1992-இல் தரநிலையான ஜேபெக் அதன்மேல்தான் நிற்கிறது. தோராயமாக்கியது திரும்ப வராது என்பதால் இது இழப்புள்ள சுருக்கம்.

ஜேபெக்காகச் சேமிக்கும்போது மென்பொருள் கேட்கும் தரம் என்ற எண்ணை மிகவும் கீழே இறக்கினால் அந்தக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், எழுத்துகளின் ஓரம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகும். அதுதான் குன்றக் கூறல். ஒரே ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தாலும் குறை சேர்ந்துகொண்டே போகும். மூலப் படத்தைத் தனியே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அழுத்தம் என்றே வைத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும்? திரையில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. 'படத்தை அழுத்தவும்' என்று எழுதினால் படிக்கிறவர் படத்தின்மேல் விரலைத்தான் வைப்பார். இறுக்கத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதுவும் மூட்டை கட்டும் காட்சியைத்தான் மனதில் எழுப்புகிறது.

படக்கோப்போடு சேர்ந்து அடிபடும் அடுத்த சொல் 'கன்வர்ட்', ஒரு ஃபார்மட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது. இதற்கு 'மாற்று' போதும். ஃபார்மட் என்பதைக் கோப்பு வடிவம் எனலாம். வடிவமைப்பு என்றால் டிசைன் ஆகிவிடும். வடிவம் மாற்றுவது என்றால் பெயரின் கடைசியில் இருக்கும் பிஎன்ஜி என்ற எழுத்துகளை அழித்து வெப்பி (WebP) என்ற இன்னொரு வடிவத்தின் பெயரைப் போடுவதல்ல. அது சட்டையை மாற்றுவது மட்டுமே, உள்ளே இருக்கும் எண்கள் அப்படியே இருக்கும். ஒரு மென்பொருள் பழைய கோப்பை விரித்து, புதிய முறையில் மறுபடி சுருக்க வேண்டும். இன்னொன்று: ஜேபெக் புகைப்படத்தைப் பிஎன்ஜி ஆக்கினால் இழந்த நுணுக்கம் திரும்பாது, கோப்புதான் பல மடங்கு பெரிதாகும்.

வெப்பி, 2010-இல் கூகுள் வெளியிட்ட வடிவம். விபி8 என்ற காணொளிச் சுருக்க முறையிலிருந்து பிறந்தது. அதே தோற்றத்தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் வரை சிறியது என்பது கூகுளின் கணக்கு. ஏவி1 காணொளி முறையிலிருந்து வந்த ஏவிஃப் (AVIF) என்ற வடிவம் பல படங்களில் அதைவிடவும் சிறிதாகும், சுருக்க எடுக்கும் நேரம் மட்டும் கூடும். இரண்டிலும் இழப்புள்ள சுருக்கமும் உண்டு, இழப்பில்லாச் சுருக்கமும் உண்டு.

சுருக்கம் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ரீசைஸ்' செய்வதையும் படத்தைச் சுருக்குவது என்கிறார்கள். அதை 'அளவைக் குறை' என்று தனியாகப் பிரித்துவிடுவது நல்லது, ஏனென்றால் இரண்டும் மிச்சப்படுத்துவது வேறு வேறு இடத்தில். சுருக்கியதால் 200 கிலோபைட் ஆன கோப்பு இணையத்தில் வேகமாக வந்து சேரும்; வந்ததும் உலாவி அதைக் காட்டுவதற்காக விரிக்கிறது. விரித்த பிறகு, முதலில் கணக்குப் போட்ட அந்தப் படம் கைப்பேசியின் நினைவகத்தில் 6 மெகாபைட்டுக்குக் குறையாமல் இடம் பிடிக்கும். சுருக்கம் அங்கே உதவாது, புள்ளிகளின் எண்ணிக்கையே குறைய வேண்டும். பக்கத்தில் 600 புள்ளி அகலத்தில் காட்டப்போகும் படம் என்றால், கூர்மையான திரைகளுக்காக 1200 வரை வைத்து முதலில் அளவைக் குறையுங்கள், அப்புறம் சுருக்குங்கள்.