பதிவில் கேட்பது யார் குரல்?

நான் எழுதிய ஒரு சிறுகதையைக் கைப்பேசியில் வாசித்துப் பதிவு செய்தேன். நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்ததாகத்தான் நினைப்பு. போட்டுக் கேட்டால், மூக்கடைத்த யாரோ ஒருவர் பாடம் ஒப்பிக்கிறார். மூன்று தடவை பதிந்து, மூன்றையும் அழித்தேன். "என் குரல் இதுக்கெல்லாம் சரிப்படாது" என்ற தீர்ப்பு முதல் பத்து விநாடியிலேயே வந்துவிடுகிறது. தீர்ப்புச் சொல்கிற காதை யாரும் விசாரிப்பதில்லை.

ஒரு சின்னச் சோதனை. இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். சத்தம் குறையாது, கூடும். தலைக்குள்ளேயே யாரோ தம்பூரா மீட்டுவதுபோல் இருக்கும். நம் குரல் நமக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, வாயிலிருந்து காற்று வழியே செவிப்பறைக்கு. மற்றொன்று, குரல்நாணின் அதிர்வு தாடையிலும் மண்டையோட்டிலும் பரவி நேராக உள்காதுக்கு. செவியின் இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக 1961இல் நோபல் பரிசு பெற்ற கேயோர்க் ஃபான் பெகெஷி, இந்த இரண்டு வழிகளும் ஏறக்குறைய சம வலிமை கொண்டவை என்று 1949லேயே காட்டியிருந்தார். எலும்பு வழியில் தாழ்ந்த அதிர்வெண்கள் தூக்கலாகக் கேட்கும். அதனால்தான் நம் குரல் நமக்குக் கனமாக, குழைவாக இருக்கிறது. மைக்குக்கு எலும்பு வழி கிடையாது. போதாக்குறைக்கு, கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கர் மிச்சமிருக்கிற அடிநாதத்தையும் விழுங்கிவிடுகிறது.

மூளையும் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. பேசும்போது, "இப்போது வரப்போவது நம் சத்தம்தான்" என்று செவிப்புலப் பகுதிக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். அது தன் எதிர்வினையைக் குறைத்துக்கொள்ளும். பதிவைக் கேட்கும்போது அந்தத் தகவல் வருவதில்லை. பேசும்போது கவனிக்காமல் விட்ட தயக்கம், மூச்சிரைப்பு, வார்த்தை நுனியில் நடுக்கம் எல்லாம் அந்நியன் ஒருவனுடையதைப்போல் வந்து விழுகின்றன.

ஹோல்ஸ்மன், ரௌசி என்ற இரு உளவியலாளர்கள் 1960களில் இந்தச் சங்கடத்தை ஆராய்ந்தார்கள். நம்மை உறுத்துவது குரலின் தன்மை மட்டுமல்ல, நாம் வெளிக்காட்ட நினைக்காத பதற்றமும் அதில் கேட்டுவிடுவதுதான் என்பது அவர்கள் முடிவு. ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பின்னால் கற்றவர்களிடமும் சோதித்தார்கள். தாய்மொழிப் பதிவுதான் அதிகம் உறுத்தியது. ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் பேசிவிட்டுத் தமிழில் கதை வாசிக்கக் கூசுகிறவர்களை எனக்குத் தெரியும்; அது வெறும் பாசாங்கு இல்லை போலிருக்கிறது.

2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. சூசன் ஹ்யூஸும் அவரது சக ஆய்வாளரும் பலருடைய குரல்களைப் பதிந்து, எது இனிமை என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். கேட்பவரின் குரலும் அதில் கலந்திருப்பதைச் சொல்லவில்லை. தங்கள் குரலுக்கு மற்றவர்கள் கொடுத்ததைவிட அதிக மதிப்பெண்ணை அவர்களே கொடுத்தார்கள். அப்படியானால் "இது நான்" என்று தெரிந்த பிறகுதான் கோளாறு தொடங்குகிறது. தலைக்குள் வைத்திருக்கும் குரலோடு ஒப்பிட்டு, குறை பிடிக்கிறோம்.

இதற்கு மருந்தும் சாதாரணமானதுதான்: திரும்பத் திரும்பக் கேட்பது. பழகப் பழக ஒன்று பிடித்துப்போகும் என்பதை ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இலேயே சோதனைகளில் காட்டினார். டப்பிங் கலைஞர்களும் வானொலி அறிவிப்பாளர்களும் தங்கள் குரலைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை என்றால், பழக்கத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் உச்சரிப்புப் பிழையும் வேகமும் வேறு சமாசாரம். அவற்றைப் பதிவு சரியாகவே காட்டுகிறது, திருத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

நான்காவது பதிவை அழிக்காமல் அம்மாவுக்கு அனுப்பினேன். குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எப்படின்னா? நீ எப்பவும் பேசுற மாதிரிதானே இருக்கு" என்றார்.