குலுங்காத குதிரை

ஐஸ்லாந்தில் குதிரைக் கண்காட்சிகளில் ஒரு வேடிக்கைப் போட்டி உண்டு. சவாரி செய்பவர் ஒரு கையில் கடிவாள வாரையும் மறு கையில் விளிம்பு வரை நிரப்பிய பீர் குவளையையும் பிடித்துக்கொள்வார். குதிரை மைதானத்தைச் சுற்றி ஓடும். நடையில்லை, நல்ல ஓட்டம்தான். சுற்று முடியும்போது யார் குவளையில் அதிகம் மிச்சம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. ஊட்டியிலோ கொடைக்கானல் ஏரிக்கரையிலோ குதிரை நாலு அடி ஓடியதற்கே இரண்டு நாள் உட்கார முடியாமல் தவித்தவர்களுக்கு இது கண்கட்டு வித்தையாகத்தான் தோன்றும்.

வித்தை சவாரிக்காரர் கையில் இல்லை என்பதுதான் சங்கதி. தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் க்வெராகெர்தி என்றொரு சிற்றூர் வரும். அதை ஒட்டி ரேக்யதாலூர் பள்ளத்தாக்கு. சரிவெங்கும் பூமிக்குள்ளிருந்து ஆவி எழும், ஓடையில் குளிக்கிற சூட்டில் வெந்நீர் ஓடும். விடுமுறைக்கு வருகிறவர்களைக் குதிரையேற்றி அந்தப் பக்கம் அழைத்துப்போகிற பண்ணைகள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. வருகிற பலருக்குக் குதிரைமேல் ஏறுவதே முதல் தடவை. வழிகாட்டி ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, வாரை எப்படிப் பிடிப்பது, எப்படி நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்து, ஒரே வரிசையாகக் கிளப்புவார். கொஞ்ச தூரம் நடை. அப்புறம் சமதளம் வந்ததும் முன்னால் போகிறவர் வேகத்தைக் கூட்ட, பின்னால் வருகிற குதிரைகளும் யாரையும் கேட்காமல் வேகம் பிடிக்கும். பயந்துபோய்ப் பிடரி மயிரை இறுக்கிப் பிடித்தவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும்: காற்று முகத்தில் அடிக்கிறது, உட்கார்ந்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

குதிரை நடக்கும்போது நாலு காலும் தனித்தனியாகத் தரையைத் தொடும். பின் இடது, முன் இடது, பின் வலது, முன் வலது. தகதிமி, தகதிமி என்று சொல்லிப் பார்த்தால் அந்தத் தாளம் பிடிபடும். எந்த நேரமும் இரண்டு மூன்று கால்கள் மண்ணில் ஊன்றியிருப்பதால் முதுகு அவ்வளவாக அலுங்காது. வேகம் கூடினால் சாதாரணக் குதிரை இந்தத் தாளத்தைக் கைவிட்டுவிடும். எதிரெதிர் மூலையில் இருக்கிற கால்கள் ஜோடி சேரும்: முன் இடதும் பின் வலதும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழும், அடுத்து மற்ற இரண்டும். தக, தக. இதுதான் துள்ளோட்டம். ஒரு ஜோடி எழும்பி அடுத்த ஜோடி இறங்குவதற்குள் ஒரு கணம் நாலு காலுமே காற்றில் இருக்கும். சில நூறு கிலோ எடையுள்ள உடம்பு நொடிக்கு இரண்டு மூன்று தரம் மேலே போய்க் கீழே வருகிறது. பழகியவர்கள் அங்கவடியில் காலை ஊன்றி, அந்தத் தாளத்துக்கே எழுந்து எழுந்து உட்காருவார்கள். பழகாதவர் கீழே வருகிற நேரம் பார்த்துச் சேணம் மேலே வரும். அடி விழுவது அங்கேதான்.

ஐஸ்லாந்துக் குதிரை வேகம் கூடினாலும் தகதிமியை விடாது. நடையில் இருந்த அதே காலடி வரிசை, இன்னும் விரைவாக. ஒரு நேரம் ஒரு கால், மறு நேரம் இரண்டு கால் என்று மாறி மாறி ஏதாவது ஒன்று தரையில் இருந்துகொண்டே இருக்கும், நாலும் சேர்ந்து காற்றில் இருக்கிற கணமே வராது. இந்த ஓட்டத்துக்கு அங்கே டோல்ட் என்று பெயர். மெதுவான நடை வேகத்திலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வரைகூட இதே தாளத்தில் போகிற குதிரைகள் உண்டு. கோயில் புறப்பாட்டில் பல்லக்குத் தூக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் காலை எடுத்து வைத்தால் சுவாமி குலுங்குவார், ஆளுக்கு ஆள் சற்று முன்பின்னாக வைத்தால் மிதந்து போவார். டோல்ட்டில் நடப்பதும் அதே கணக்குத்தான்.

அப்படியானால் இது வேகமான நடைதானே என்றால், இல்லை. நடையில் உடம்பு ஊன்றிய காலுக்கு மேலே ஏறி மறுபக்கம் இறங்குகிறது. ஏறும்போது வேகம் கொஞ்சம் குறையும், இறங்கும்போது கூடும், அதாவது உயரமும் வேகமும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. அதனால் தசைக்குச் செலவு குறைவு. ஓட்டத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லை. அங்கே ஆற்றலைச் சேமித்துத் தருவது காலின் நீண்ட தசைநாண்கள், கால் ஊன்றும்போது இழுபட்டு எழும்போது சுருங்குகிறவை. குதிரையின் முன்னங்கால் முட்டிக்குக் கீழே தசை என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. எலும்பு, தசைநாண், தோல், கடைசியில் ஒற்றை விரலின் நகமாகிய குளம்பு, அவ்வளவுதான். தரையில் விசை அளக்கும் தட்டுகளைப் பதித்து, அவற்றின்மேல் ஐஸ்லாந்துக் குதிரைகளை டோல்ட்டில் ஓடவிட்டுப் பார்த்தபோது, காலடி வரிசை நடையினுடையதாகவும் ஆற்றல் கணக்கு ஓட்டத்தினுடையதாகவும் இருந்தது. இரண்டும் கலந்த ஒரு விசித்திரப் பிறவி இது.

இந்தத் தாளத்தை யார் போடுகிறார்கள்? மூளை அல்ல. கிளம்பு, நில், விரை என்கிற அளவில்தான் மூளை உத்தரவு போடும். எந்தக் கால் எப்போது என்கிற கணக்கைத் தண்டுவடத்தில் இருக்கிற நரம்புச் செல்களின் கூட்டம் பார்த்துக்கொள்ளும். அவற்றில் சில, தண்டுவடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கிளை நீட்டி இடது வலதை ஒத்திசைக்கின்றன. 2012இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐஸ்லாந்துக் குதிரைகள் 70 பிடித்து மரபணு வரிசையை ஒப்பிட்டார்கள். நடை, துள்ளோட்டம், நாலுகால் பாய்ச்சல், டோல்ட் என்று நாலோடு நிற்கிற குதிரைகள் ஒரு பக்கம், அதற்கும் மேலே ஐந்தாவதாக இன்னொரு நடை தெரிந்தவை மறு பக்கம். அந்த ஐந்தாம் நடையில் ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தே பாயும். சில நூறு மீட்டர் தூரத்துக்கு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே இடத்தில் வந்து நின்றது: டிஎம்ஆர்டி3 என்ற மரபணு.

அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது, 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ'. அந்த மாற்றம் புரதத்தின் 301ஆவது இடத்தில் 'இத்தோடு நிறுத்து' என்கிற ஆணையாகிவிடுகிறது. 474 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் 300இலேயே முடிந்துபோகிறது. அதே ஊரில் வேறொரு குழு, அந்த மரபணு தண்டுவடத்தின் குறுக்கே கிளை நீட்டுகிற செல்களில்தான் வேலை செய்கிறது என்று எலிகளில் கண்டது. மரபணுவை எடுத்துவிட்ட எலிகளின் கால்களுக்குள் ஒத்திசைவு கெட்டுப்போனது. குதிரையில் அதே குறை வரப்பிரசாதமாகிவிட்டது: வேகம் கூடினால் கால்கள் மூலைக்கு மூலை ஜோடி சேர வேண்டும் என்கிற கட்டாயம் தளர்ந்துவிடுகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பிரதி கிடைத்தால் ஐந்தாம் நடையும் கைகூட வாய்ப்புண்டு. ஒரே பிரதி இருந்தால் டோல்ட் வரும், துள்ளோட்டமும் நாலுகால் பாய்ச்சலும் இன்னும் சுத்தமாக வரும். இதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. சரியாக ஓட்டத் தெரியாதவர் கையில் நல்ல டோல்ட்கூடத் தாளம் தப்பும்.

மாற்றம் பிறந்த இடம் ஐஸ்லாந்து அல்ல என்றே தெரிகிறது. பழங்காலக் குதிரை எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், மிகப் பழைய தடயம் இங்கிலாந்தின் யார்க் நகரில், ஒன்பதாம் நூற்றாண்டு எலும்புகளில் கிடைத்தது. அதற்குச் சற்றுப் பிந்திய ஐஸ்லாந்து எலும்புகளில் பெரும்பாலானவற்றில் அது இருந்தது. ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளின் அக்கால எலும்புகளில் காணவில்லை. வைக்கிங்குகள் என்கிற வடதேசக் கடலோடிகள் இங்கிலாந்தில் இந்தச் சொகுசுக் குதிரைகளைப் பார்த்து, குடியேறப் போகும்போது கப்பலேற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். பிறகு ஐரோப்பாவில் சாலைகள் வந்தன, வண்டிகள் வந்தன. வண்டி இழுக்கிற குதிரைக்கு மென்மையான முதுகு எதற்கு? ஐஸ்லாந்திலோ வண்டிப்பாதை என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை அபூர்வம். தீவைச் சுற்றிவரும் நெடுஞ்சாலை முழுமையானது 1974இல்தான். எங்கே போவதானாலும் குதிரை முதுகில்தான் போயாக வேண்டும் என்கிற ஊரில், குலுங்காத குதிரைக்குத்தான் மவுசு. நம் பக்கத்து மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்கும் ரேவால் என்றொரு அலுங்காத நடை உண்டு. அதுவும் பாலைவனத்தில் நாள் முழுக்கச் சேணத்தில் இருந்தவர்கள் விரும்பி வளர்த்த குணம்தான்.

982இல் ஐஸ்லாந்தின் நாடாளுமன்றமான ஆல்திங் சபை வெளிநாட்டுக் குதிரைகளைக் கொண்டுவரத் தடை போட்டது என்பது ஐஸ்லாந்தில் எல்லோரும் சொல்கிற கணக்கு. தடை இன்றும் அமலில் இருக்கிறது. வேற்று ரத்தம் கலக்கவே இல்லை. 1783இல் லாக்கி எரிமலை வெடித்து, புல்லெல்லாம் ஃபுளோரைடு படிந்து, குதிரைகளில் பெரும்பகுதி மடிந்தபோதும் மிஞ்சியவற்றிலிருந்துதான் இனம் மறுபடி பெருகியது.

குதிரை குலுங்கவில்லை என்பதால் அதற்குப் பாரம் தெரியவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தோள் உயரம் 140 சென்டிமீட்டர் சொச்சம், எடை 330 முதல் 380 கிலோ. சேணத்தோடு 90 கிலோ ஏறினால் அதன் எடையில் கால்பங்கு. டோல்ட்டில் ஓடும் குதிரைகளுக்குச் சுமையை உடல் எடையின் 20 சதவீதத்திலிருந்து 35 வரை படிப்படியாக ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். இதயத் துடிப்பு சீராக ஏறியது, தசை திணறும்போது ரத்தத்தில் சேர்கிற லாக்டேட் அதைவிட வேகமாக ஏறியது, காலடியின் நீளம் குறைந்து அடிகள் அவசரமாயின. முதுகில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. பண்ணைகள் எடை வரம்பு வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். எடையைக் குறைத்துச் சொல்கிற ஆசை யாருக்கும் வரும்தான். குதிரையிடம் அது செல்லாது.

நாள் கணக்கில் போகிற பயணங்களில் இன்னொரு ஏற்பாடு உண்டு. தோர்ஸ்மோர்க் மாதிரிப் பனியாற்றுப் பள்ளத்தாக்குகளுக்குப் போகிற கூட்டத்தோடு, சேணமே இல்லாத குதிரைகள் மந்தையாக ஓடிவரும். ஆளுக்கு இரண்டு மூன்று குதிரை என்று கணக்கு. வழியில் கம்பி வைத்துத் தற்காலிகத் தொழுவம் கட்டி, சேணத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். பகட்டுக்காக அல்ல. ஓடி முடித்த குதிரையின் தசையில் தீர்ந்துபோன கிளைகோஜன், அதாவது தசை சேமித்து வைக்கிற சர்க்கரை, திரும்ப நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். மனிதனுக்கு ஒரு நாள் போதும், வயிறு முட்டச் சோறு சாப்பிட்டால் சரியாகிவிடும். புல் தின்னும் குதிரைக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது.

வழியில் ஆறு குறுக்கிடும். க்ரோசா ஆற்றில் பெரிய வண்டிகளே மாட்டிக்கொள்வதுண்டு. பனியாறு அரைத்த பாறைப்பொடி கலந்து நீர் சாம்பல் நிறமாக ஓடும், அடி தெரியாது. இறங்குவதற்கு முன் வழிகாட்டி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: தண்ணீரைப் பார்க்காதீர்கள், அக்கரையைப் பாருங்கள். கண் நிறைய ஒரே திசையில் ஏதாவது நகர்ந்தால், நகர்வது நாம்தான் என்று மூளை முடிவுகட்டிவிடும். பக்கத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் போவதாகத் தோன்றுகிற அதே மயக்கம். ஆற்று நடுவில் அது வந்தால், நேராக உட்கார்ந்திருப்பவர் சாய்ந்துவிட்டதாக எண்ணி எதிர்ப்பக்கம் சாய்வார். அவரோடு சேணமும் சரியும். வாரைத் தளரவிடச் சொல்வதும் காரணத்தோடுதான். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றுப்புறம் கிட்டத்தட்ட முழுவதும் தெரியும், மூக்குக்கு நேர் கீழேயும் உடம்புக்கு நேர் பின்னாலும் தெரியாது. தலையைத் தாழ்த்திப் பார்க்க அதற்கு இடம் வேண்டும். பயத்தில் வாரை இழுத்துப் பிடிக்கிறவர் குதிரையின் கண்ணைக் கட்டிவிடுகிறார்.

இவ்வளவு தூரம் தனித்து வாழ்ந்த இனத்துக்கு ஒரு பலவீனமும் சேர்ந்தே வந்தது. உலகின் பல குதிரை நோய்கள் அங்கே எட்டிப் பார்த்ததே இல்லை. ஆகவே எதிர்ப்பாற்றலும் இல்லை. ஒருமுறை வெளியே போன குதிரை, போட்டியில் ஜெயிக்கப் போனதாக இருந்தாலும், திரும்பி வர முடியாது. அப்படியும் 2010இல் ஒரு பாக்டீரியா நுழைந்துவிட்டது. இருமலும் சளியுமாகத் தொடங்கி, சில மாதங்களில் நாட்டின் 77,000 குதிரைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பரவியது. ஏற்றுமதி நின்றது. அந்த வருடத் தேசியக் குதிரைத் திருவிழாவை ஒத்திவைத்து அடுத்த வருடம் நடத்தினார்கள். பின்னால் மரபணு வழியே தடம் பிடித்துப் பார்த்ததில், பல பண்ணைக் குதிரைகள் வந்துபோன ஒரு பயிற்சி மையத்தின் தண்ணீர்த் தொட்டி, அதாவது குதிரைகளை நீருக்குள் நடக்கவிடுகிற இயந்திரம், பரவலுக்கு வழிசெய்தது தெரிந்தது.

அதனால்தான் விமானத்தில் போகிறவர் வேறு நாட்டில் பயன்படுத்திய சேணம், கடிவாளம், தோல் கையுறை எதையும் ஐஸ்லாந்துக்குள் கொண்டுபோகக் கூடாது. சவாரி உடைகளையும் பூட்ஸையும் துவைத்து, கிருமிநாசினி போட்டு, காயவைத்திருக்க வேண்டும். பண்ணையிலேயே மழைக்கோட்டும் பூட்ஸும் தருவார்கள். அளவு சரியாக இருக்கும் என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.