விரல் காட்டித் திறந்தாலும் சாவி கடவு எண்தான்

விரல்ரேகையும் முகமும் பதிந்தாயிற்று, இனிக் கடவு எண் எதுவாக இருந்தால் என்ன என்று 123456 வைத்திருப்பவர்கள் நிறைய. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கைப்பேசியை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். விரலை வைத்தாலும் முகத்தைக் காட்டினாலும் திறக்காது; கடவு எண்ணையே கேட்கும். உள்ளிருக்கும் படங்களையும் செய்திகளையும் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் சாவி ஒரு நீண்ட எண்; அது நீங்கள் அடிக்கும் எண்ணும் சில்லுக்குள் பதிந்த ரகசிய எண்ணும் கலந்து உருவாவது. விரல் ஒவ்வொரு முறையும் வேறு அழுத்தத்தில், வேறு கோணத்தில் பதிகிறது. சாவியில் ஓர் இலக்கம்கூட மாறக்கூடாதே! ஆகவே முதலில் கடவு எண் அடித்த பிறகு பாதுகாப்புச் சில்லு சாவியைத் தன்னிடம் வைத்திருக்கும். விரல் ஏறத்தாழ ஒத்துப்போனால் எடுத்துக் கொடுக்கும்.

அந்த ‘ஏறத்தாழ’வுக்கும் கணக்கு உண்டு. முன்பின் தெரியாதவர் விரலுக்கு ஐஃபோன் திறக்கும் வாய்ப்பு 50,000இல் ஒன்று, முகத்துக்குப் பத்து லட்சத்தில் ஒன்று என்கிறது ஆப்பிள். முகம் ஒத்த இரட்டையருக்கு இந்த முகக் கணக்கு பொருந்தாது. நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வியர்த்த விரலும், கட்டுமானத் தளத்தில் சிமெண்ட் தேய்த்த விரலும் ஐந்து முறை தவறினால் மீண்டும் கடவு எண்தான்.

ஐஃபோனில் கடவு எண்ணை அடிக்கும் ஒரு முயற்சிக்குச் சுமார் 80 மில்லிவினாடி ஆகும்படி வைத்திருக்கிறார்கள். தவறான முயற்சிகளுக்கு இடையிலான காத்திருப்பை ஒருவர் உடைத்துவிட்டால், எல்லா எண்களையும் முயன்று பார்க்க 4 இலக்கத்துக்கு 13 நிமிடம், 6 இலக்கத்துக்கு 22 மணி நேரம் போதும். சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு எழுத்து என்றால் ஐந்தரை ஆண்டு! தினமும் விரலால் திறப்பவருக்கு நீண்ட கடவுச்சொல் பாரமே இல்லை. நெரிசலான எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்கவும் எதுவும் இருக்காது.

பிள்ளையின் விரலையும் உங்கள் கைப்பேசியில் பதிந்திருந்தால் உடனே நீக்குங்கள். விரல் யாருடையது என்று செயலிக்குத் தெரியாது. பதிந்த விரலா என்பது மட்டுமே தெரியும். அரசாங்க மின்னடையாளச் செயலியான சிங்பாஸும் வங்கிச் செயலியும் அதே விரலை நம்பக்கூடும்.

சட்டத்துக்கு வருவோம். ‘விரலைக் கட்டாயப்படுத்தலாம், மனத்தில் உள்ள எண்ணைக் கேட்க முடியாது’ என்று இணையத்தில் படிப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தத்தை வைத்து எழும் வாதம். விரல் விஷயத்தில் அங்கேயே 2024இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025இல் இன்னொன்றும் எதிரெதிராகத் தீர்ப்பளித்தன. சிங்கப்பூரில் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தை விசாரிக்கும் காவல்துறை அதிகாரி கடவுச்சொல்லையே கேட்கலாம். மறுத்தால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறையாக்கத்தை அவிழ்ப்பது பற்றிய 40ஆம் பிரிவில் அரசாங்க வழக்கறிஞரின் அனுமதி தேவை. தண்டனை 10,000 வெள்ளி, 3 ஆண்டு வரை உயர்கிறது.

ஆக, கடவு எண் இங்கே காப்பது திருடரிடமிருந்து. தூங்கும்போது யாராவது உங்கள் விரலை எடுத்து வைத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், ஐஃபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்துச் சில விநாடி அழுத்துங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பவர் மெனுவில் ‘லாக்டவுன்’ இருக்கும். அடுத்த முறை கடவு எண் இல்லாமல் திறக்காது. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது ஒரேயடியாக அணைத்தே கொடுங்கள்: சாவி அப்போது நினைவகத்தில்கூட இருக்காது.