மக்காச்சோளக் காப்பீடு: மழை குறைந்தும் இழப்பீடு வராதது ஏன்?

குடியிருப்பது சென்னையில், பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் என்று இருப்பவர்கள் பலருக்கும் உள்ள கேள்வி இது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் (2016 முதல்) மக்காச்சோளத்துக்கு மழையளவைப் பார்த்துப் பணம் தருவதில்லை. மகசூலைத்தான் பார்க்கிறது. அதுவும் உங்கள் வயலின் மகசூல் அல்ல. அறிவிக்கை செய்யப்பட்ட கிராமம் அல்லது பிர்க்காவின் (பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவு) சராசரி.

கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத மகசூலாக வைப்பார்கள். அது ஏக்கருக்கு 2,000 கிலோ, பயிர் அறுவடைப் பரிசோதனையில் (மாதிரி வயல்களில் அறுத்து எடைபோட்டுப் பார்ப்பது) கிடைத்தது 1,500 கிலோ என்று வையுங்கள். குறைவு நாலில் ஒரு பங்கு. காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்றால் கிடைப்பது 7,500 ரூபாய். பிர்க்கா சராசரி 2,000 கிலோவைத் தொட்டுவிட்டால், உங்கள் வயல் மட்டும் காய்ந்திருந்தாலும் ஒன்றும் வராது.

பருவ மழையின் மொத்த அளவும் ஏமாற்றும். விதைத்த 50 முதல் 60 நாளில், பூவெடுத்துக் கதிர் பிடிக்கும்போது மண் காய்ந்தால் கதிர் நுனியில் மகரந்தத்தைப் பிடிக்கும் பட்டு இழை வெளிவரத் தாமதமாகும். அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்திருக்கும். கதிரில் மணி பிடிக்காது. பிறகு கனமழை பெய்து பதிவேட்டில் கணக்கு நேராகிவிட்டாலும் போன மணி திரும்பாது. இளம்பயிரில் தண்ணீர் தேங்கினாலும் சேதம்தான்.

தனி வயலைப் பார்க்கும் இடங்கள் இரண்டு: ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குதல் போன்ற உள்ளூர்ச் சேதம், அறுத்துக் காயப்போட்ட 14 நாளுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ ஏற்படும் சேதம். இரண்டுக்கும் 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ தெரிவிக்க வேண்டும். ஊரிலிருந்து தகவல் வந்த உடனே, சென்னையில் இருந்தபடியே செய்துவிடுங்கள். வார இறுதி வரை காத்திருக்காதீர்கள். விதைக்கவே முடியாமல் அந்தக் கிராமத்தில் அல்லது பிர்க்காவில் 75 சதவீதத்துக்கு மேல் பரப்பு தரிசாகக் கிடந்தால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கொடுத்து அந்தப் பருவத்துக்கு முடித்துவிடுவார்கள்.

விவசாயி கட்டும் பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் காரீப் பருவத்துக்கு 2 சதவீதம், ராபி பருவத்துக்கு 1.5 சதவீதம். சிட்டா, அடங்கல் அல்லது கிராம நிர்வாக அலுவலர் தரும் விதைப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகத்துடன் பொது சேவை மையத்திலோ தொடக்க வேளாண் கூட்டுறவு சங்கத்திலோ பதியலாம். குத்தகைக்கு விட்டிருந்தால் பதிய வேண்டியவர் பயிர் செய்பவர். ரசீதை வாங்கியதும் சர்வே எண், பயிர்ப் பெயர், பரப்பு மூன்றும் அடங்கலோடு ஒத்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். தவறு இருந்தால் கடைசித் தேதிக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.